காவலா? கதவடைப்பா?

நாட்டுக்கு வாயில் உண்டு. வாயிலுக்குக் காவல் உண்டு. காவல் நிற்போனிடம் கேள்விகள் உண்டு. "நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? எதற்காக வருகிறாய்? உன் உடலில் நோய் உண்டா? உன் கையில் சீட்டு உண்டா?" – அயல்நாடு செல்வோர் எவராயினும், அரசனாயினும் ஆண்டியாயினும், இக்கேள்விகளுக்கு விடை பகராமல் அடுத்த அடி எடுத்து வைக்க இயலாது.

வரிசையிலே நின்று கால் கடுக்கின்றவர்க்கு இவை தொல்லை. வரலாறு படிப்போர்க்கோ இவை பெரும் பாடம். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நூற்றாண்டின் கண்ணீர் நிற்கிறது. சில கேள்விகள் உயிர் காக்கப் பிறந்தவை. சில கேள்விகள் நிறங் காக்கப் பிறந்தவை. இரண்டும் ஒரே மேசைக்குப் பின்னாலிருந்து, ஒரே சீருடையில், ஒரே குரலில் கேட்கப்படுகின்றன. எது காவல், எது கதவடைப்பு என்று பிரித்தறியாதவன், காவலையும் வெறுப்பான். அல்லது கதவடைப்பையும் கைகூப்பி ஏற்பான். இரண்டும் கேடே. எனவே, வாயிலின் வரலாற்றைச் சற்றே விரித்துப் பார்ப்போம்.

காத்திருக்கச் சொன்ன நகரம்

1347-ஆம் ஆண்டு கப்பலேறி ஐரோப்பாவுக்குள் வந்தது கொள்ளைநோய். சில ஆண்டுகளுக்குள் அக்கண்டத்து மக்களில் மூன்றிலொரு பங்கினர்க்குக் குறையாமல் மாண்டனர். காரணம் யாது? கோள்களின் சேர்க்கை என்றனர் கற்றோர் சிலர். கடவுளின் சினம் என்றனர் குருமார். யூதர்கள் கிணற்றிலே நஞ்சிட்டனர் என்றனர் கயவர். அதை நம்பி 1349-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்களை உயிரோடு எரித்தனர். எரித்த பின்னும் நோய் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நோய்க்குச் சமயமும் தெரியாது, இனமும் தெரியாது.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. ஆட்ரியாட்டிக் கடற்கரையிலே ரகூசா என்றொரு சிறு வணிகக் குடியரசு இருந்தது. இன்று குரோவேசியா நாட்டில் துப்ரோவ்னிக் எனப்படும் நகரம் அதுவே. அந்நகரத்துக்கு வாழ்வே துறைமுகம். துறையை மூடினால் பட்டினி, திறந்தால் பிணக்காடு. இந்த இருதலைக் கொள்ளியினின்று தப்ப அந்நகரப் பேரவை 1377-இல் ஒரு சட்டம் செய்தது. நோயுள்ள இடங்களிலிருந்து வருவோர் அருகிலுள்ள சிறு தீவிலோ பக்கத்து ஊரிலோ முப்பது நாள் தங்க வேண்டும்; நலமாயிருந்தால் பின்னர் நகருக்குள் வரலாம்.

எளிய சட்டம்! ஆனால் எத்துணைப் பெரிய அறிவு அதிலே அடங்கியிருக்கிறது! வருவோனை அது வெட்டவில்லை, விரட்டவில்லை, பழிக்கவில்லை. "பொறு" என்றது, அவ்வளவே. அவன் எந்தச் சமயத்தான் என்று கேட்கவில்லை. எந்த ஊரிலிருந்து வருகிறான் என்றே கேட்டது. 1423-இல் வெனிசு நகரம் ஒரு தீவிலே நோயாளர்க்கென நிலையான மருத்துவமனை அமைத்தது. முப்பது நாள் நாளடைவில் நாற்பது நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் குவரந்தா என்னும் சொல்லினின்றே, இன்று நாமெல்லாம் வாயாரச் சொல்லும் குவாரண்டைன் என்ற சொல் பிறந்தது.

கொள்ளைநோயின் கிருமியை யெர்சின் என்னும் மருத்துவர் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894-இல். ஆக, கிருமி இன்னதென அறிவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே, கண்டதை வைத்துக் கணக்கிட்டுக் காவல் முறை கண்டனர் மக்கள். காட்சியும் கணக்கும் சேர்ந்தால் அறிவு பிறக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

விதி தளர்ந்தது, நகரம் வீழ்ந்தது

சட்டம் இருந்தால் போதுமா? அது எல்லோர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையேல் என்ன நேரும் என்பதை 1720-ஆம் ஆண்டு மார்சேய் நகரம் உலகுக்குக் காட்டியது.

பிரான்சின் தென்கோடியிலுள்ள அத்துறைமுகத்திலே சிறந்த காவல் முறை இருந்தது. கப்பல் எங்கிருந்து புறப்பட்டது, அவ்வூரில் நோய் உண்டா என்று எழுதிய நலச்சீட்டு இன்றி எக்கப்பலும் கரை சேர முடியாது. நோய் ஐயமுள்ள கப்பல் தொலைவிலுள்ள தீவுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு மே 25-ஆம் நாள் கீழைக் கடற்கரைத் துறைகளிலிருந்து கிராண் செந்த் அந்துவான் என்னும் கப்பல் வந்தது. வழியிலேயே கப்பலில் பலர் மாண்டனர். கப்பலின் மருத்துவரும் மாண்டார். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகம் அதற்கு இடந்தர மறுத்தது. இவையெல்லாம் தெரிந்திருந்தும் மார்சேய் என்ன செய்தது?

கப்பலிலே விலையுயர்ந்த துணிகள் இருந்தன. பொக்கேர் என்னும் ஊரிலே கோடைச் சந்தை நெருங்கிக் கொண்டிருந்தது. சரக்கிலே பங்குடையோருள் நகராட்சித் தலைவர்களில் ஒருவரும் இருந்தார். பின் என்ன? விதி வளைந்தது. தொலைத்தீவுக்குப் போக வேண்டிய துணிகள் நகரை ஒட்டிய காவல் மனையிலே இறக்கப்பட்டன. அங்கிருந்து சில கள்ளத்தனமாக நகருக்குள் நுழைந்தன. துணியோடு தெள்ளுப் பூச்சி நுழைந்தது. பூச்சியோடு சாவு நுழைந்தது.

ஆகஸ்டு மாதத்திலே நாளொன்றுக்கு ஆயிரம் பேர் வரை மடிந்தனர். புதைக்க ஆளில்லை, தெருவெல்லாம் பிணம். தொண்ணூறாயிரம் மக்கள் வாழ்ந்த நகரிலே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். செல்வர்தம் சரக்குக்காக வளைக்கப்பட்ட விதி, ஏழையின் குடிசையிலே பிணமாய் விழுந்தது.

"எனக்கு வேண்டியவர், விட்டுவிடு" என்று ஒரு காவலனிடம் சொல்லப்படும் சொல், சிறு சலுகை போலத் தோன்றும். மார்சேய் நகரத்தை அழித்தது அச்சிறு சலுகைதான்.

கொசுவைக் கண்டவரும் கேளாத செவிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீராவிக் கப்பல் வந்தது. மனிதன் விரைந்தான், அவனோடு நோயும் விரைந்தது. 1817-இல் வங்கத்திலிருந்து பரவத் தொடங்கிய காலரா, 1830-களில் ஐரோப்பியத் தலைநகர்களை நடுங்கச் செய்தது. 1851-இல் பாரிசிலே பன்னிரண்டு நாடுகள் கூடி முதல் உலகச் சுகாதார மாநாடு நடத்தின. மாதக்கணக்கில் பேசின. நோய் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றுகிறதா, காற்றின் கேட்டினால் விளைகிறதா என்பதிலேயே உடன்பாடில்லை. காவல் வேண்டும் என்றன சில. வணிகம் கெடும் என்றன சில. எல்லாரும் ஏற்று நடந்த உடன்படிக்கை 1892-இல்தான் வந்தது. இடைப்பட்ட நாற்பதாண்டில் மாண்டவர் எத்தனை இலட்சமோ!

மஞ்சள் காய்ச்சலின் கதை இதனினும் வியப்பு. கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே, 1881-இல் ஹவானாவில், "இந்நோயைப் பரப்புவது கொசு" என்று எடுத்துரைத்தார். கற்றோர் கூட்டம் நகைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. அதே காலத்தில்தான் பனாமாவிலே கால்வாய் வெட்டச் சென்ற பிரெஞ்சுக் குழுமத்தின் தொழிலாளர் ஆயிரமாயிரமாக மடிந்தனர். மருத்துவமனைக் கட்டிலின் கால்களிலே எறும்பு ஏறாதிருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தனர். அக்கிண்ணத்திலே கொசு முட்டையிட்டது. நோய் தீர்க்கும் மனையே நோய் வளர்க்கும் மனையாயிற்று. அறிவுரையைக் கேளாதார்க்குக் காலம் கொடுத்த தண்டனை அது.

1900-இல் வால்ட்டர் ரீடு தலைமையில் அமெரிக்க மருத்துவர் குழு ஹவானாவில் ஆய்வு நடத்தி, பின்லே சொன்னதே மெய் என நிறுவிற்று. அவ்வாய்விலே ஈடுபட்ட ஜெசி லேசியர் என்னும் இளம் மருத்துவர் அந்நோய்க்கே இரையானார். பின்னர்க் கொசுவை ஒழித்து, நீர் தேங்காமற் காத்து, ஹவானாவையும் பனாமாவையும் மீட்டனர். 1914-இல் கால்வாய் திறந்தது. 1937-இல் மாக்சு தைலர் தடுப்பு மருந்தை உருவாக்கினார். அதற்கென 1951-இல் நோபல் பரிசும் பெற்றார்.

இஃது எங்கோ நடந்த கதையெனத் தள்ளிவிடலாகாது. மஞ்சள் காய்ச்சல் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் உண்டு, ஆசியாவில் வேரூன்றவில்லை. ஆனால் அதைப் பரப்பவல்ல கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலே, தேங்காய்ச் சிரட்டையிலே, பழைய சக்கரத்திலே வாழ்கிறது. டெங்குக் காய்ச்சல் தரும் அதே கொசு. கொசு இருக்கிறது, நோய் இல்லை. நோய் ஒருமுறை உள்ளே வந்தால்? அதனாலேதான், அந்நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோர் சான்று காட்டாவிடில் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க நம் நாட்டு விதி இடமளிக்கிறது. ஊசி போட்டுப் பத்து நாள் சென்ற பின்னரே அச்சான்று செல்லும். முன்னர்ப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது; ஆய்வுகள் ஒரே ஊசி போதுமெனக் காட்டவே, 2016 சூலை முதல் அச்சான்று வாழ்நாள் முழுதும் செல்லும் என உலக நாடுகள் விதியைத் திருத்தின.

விதியின் அழகு இதுவன்றோ! அறிவு வளர்ந்தது, விதி மாறியது. பெரியம்மைச் சான்று இன்றி ஒரு காலத்தில் கடல் கடக்க முடியாது, அந்நோய் ஒழிந்ததென 1980-இல் உலகம் அறிவித்தது, சான்றும் மறைந்தது. தேவை தீர்ந்ததும் தானே விலகும் விதியே காவல். தேவையே இல்லாதபோதும் நிலைத்து நிற்கும் விதி கதவடைப்பு.

நிறம் பார்த்த வாயில்கள்

இனி மறுபக்கம் காண்போம்.

1892 முதல் 1954 வரை நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவிலே அமெரிக்கா புகுவோர் சோதிக்கப்பட்டனர். ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அவ்வழியே சென்றனர். மருத்துவர் ஏற இறங்கப் பார்ப்பார். ஐயமிருந்தால் சட்டையிலே சுண்ணக்கட்டியால் ஓர் எழுத்து இடுவார். கண்ணோய் உண்டா எனக் கண்ணிமையைக் கருவி கொண்டு மடித்துப் பார்ப்பார். நோய் காண்பது தவறன்று. ஆனால் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் வந்தவர்களைக் கப்பலிலேயே பார்த்து அனுப்பிவிட்டனர். கப்பலின் அடித்தட்டில் வந்த ஏழைகள்தாம் தீவுக்குச் சென்று வரிசையில் நின்றனர். கிருமிக்குப் பயணச்சீட்டின் விலை தெரியுமோ?

1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர் நுழையலாகாதெனச் சட்டமியற்றியது. 1943 வரை அத்தடை நீடித்தது. ஆஸ்திரேலியா இன்னும் தந்திரமாகச் செய்தது. 1901-ஆம் ஆண்டுச் சட்டத்திலே நிறம் என்ற சொல்லே இல்லை! வருவோர்க்கு ஐம்பது சொற்கொண்ட ஒரு பகுதியை அதிகாரி வாசிப்பார். கேட்டு எழுத வேண்டும். எந்த மொழியில்? அதிகாரி விரும்பும் ஐரோப்பிய மொழி எதிலும்! ஆங்கிலம் அறிந்த ஆசியனுக்கு வேறு மொழி. அதையும் அறிந்தால் இன்னொரு மொழி. 1934-இல் பல மொழிகள் அறிந்த எகான் கிஷ் என்னும் எழுத்தாளரை உள்ளே விட மனமில்லாமல், ஸ்காத்லாந்து மலைநாட்டார் பேசும் கேலிக் மொழியிலே தேர்வு வைத்தனர். தேர்வு என்பது அறிவை அளக்கும் கோல் எனப் பள்ளியிலே சொல்லிக் கொடுக்கிறோம் நாம். தோற்கடிப்பதற்கென்றே நடத்தப்பட்ட அத்தேர்வு 1958 வரை உயிரோடு இருந்தது.

கனடாவின் சூழ்ச்சி அதனினும் கூர்மையானது. பிறந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாது ஒரே பயணமாக வருவோர்க்கே அனுமதி என்று 1908-இல் விதி செய்தது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு அத்தகைய நேர்க்கப்பல் கிடையாது. இல்லாத கப்பலிலே வா என்பது, வராதே என்பதன் மறுபெயர்! ஆசியர் கையிலே இருநூறு டாலர் வைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி.

குர்தித் சிங் என்னும் பஞ்சாபியர் கோமகாத்தா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். ஹாங்காங்கிலிருந்து புறப்பட்டு 1914 மே 23-இல் வாங்கூவர் சேர்ந்தார். 376 பயணிகள், பெரும்பாலோர் சீக்கியர். அனைவரும் பிரித்தானியப் பேரரசின் குடிகள். அப்பேரரசின் படையிலே பணியாற்றியோரும் அவருள் உண்டு. "பேரரசின் குடிகள் பேரரசின் எப்பகுதிக்கும் செல்லலாம்" என்பது மேடைப் பேச்சு. மேடையினின்று இறங்கி வாயிலுக்கு வந்ததும் அப்பேச்சு ஊமையாயிற்று. இரண்டு மாதம் கப்பல் கரை காணக் கரை தீண்டாது நின்றது. உணவு குறைந்தது, நீர் குறைந்தது. முன்பே கனடாவில் வாழ்ந்தவர் முதலாய இருபத்து நால்வர் மட்டும் உள்ளே விடப்பட்டனர். கப்பலைக் கைப்பற்ற வந்த காவலரைப் பயணிகள் நிலக்கரிக் கட்டிகளை எறிந்து விரட்டினர். பின்னர்ப் போர்க்கப்பல் வந்து நின்றது. சூலை 23-இல் கோமகாத்தா மாரு திரும்பியது.

திரும்பியவர்க்குத் தாய்நாட்டிலேனும் வரவேற்பு உண்டா? செப்டம்பரில் கல்கத்தாவை அடுத்த பட்ஜ்பட்ஜ் துறையில் இறங்கியோரைப் பஞ்சாபுக்கு இரயிலேற்ற முயன்றது ஆங்கில அரசு. மறுத்தோர்மீது துப்பாக்கி முழங்கியது. ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். கனடாவின் தலைமை அமைச்சர் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டது 2016-இல். நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து!

நம் வீட்டுத் தாழ்ப்பாள்

வெள்ளையரின் கதவடைப்பைப் பேசும்போது, நம் வீட்டுக் கதவிலே கிடந்த தாழ்ப்பாளை மறைப்பது நேர்மையாகுமா? அவர்கள் உள்ளே வராதே என்றனர். நம்மிடையே சிலர் வெளியே போகாதே என்றனர். கடல் கடந்தால் குலங் கெடும் என்பது சாத்திரம் வகுத்த விதி. 1888-இல் இலண்டன் செல்லப் புறப்பட்ட இளைஞர் மோகன்தாஸ் காந்தியை அவர்தம் சாதித் தலைவர்கள் பம்பாயிலே கூடிச் சாதி நீக்கம் செய்தனர். அவருக்குத் துணை செய்வோர்க்கு ஒன்றேகால் ரூபாய் தண்டமும் விதித்தனர். கணித மேதை இராமானுசனும் இத்தடையால் முதலில் தயங்கி, 1914 மார்ச்சில்தான் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

இந்தத் தடை தமிழர்தம் தொல்வழக்கா? அன்று. இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடாரம் சென்றது. சுமத்திராவின் பாருஸ் அருகே 1088-ஆம் ஆண்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிலே கல்வெட்டு நாட்டினர். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்திலும் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அலையை அஞ்சாத மக்களுக்கு, அழுக்காகும் என்ற அச்சத்தைப் பின்னர் ஊட்டினர். நோயை ஆராய்ந்து பிறந்த விதியன்று அது. பிறப்பைக் காக்கப் பிறந்த விதி. வாங்கூவர் துறையிலே நிறம் செய்த வேலையை, நம் ஊரிலே சாதி செய்தது.

சீட்டு சலுகையா, உரிமையா?

கடவுச்சீட்டு பழைய பொருளே. ஆயினும் எல்லார்க்கும் எங்கும் கட்டாயமானது முதல் உலகப் போருக்குப் பின்னரே. 1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவிலே பெரும்பாலும் சீட்டின்றியே சென்று வந்தனர். போர் ஒற்றரை அஞ்சியது, சீட்டைக் கேட்டது. போர் ஓய்ந்தது, சீட்டு ஓயவில்லை. 1920-இல் பாரிசிலே கூடிய உலக மாநாடு இன்றைய சிறு புத்தக வடிவத்தை வகுத்தது. இந்தியாவிலும் அதே 1920-இல் சட்டம் வந்தது.

சீட்டு கட்டாயமானதும் புதியதொரு துன்பம் பிறந்தது. நாடிழந்தவன் சீட்டுக்கு எங்கே போவான்? நார்வே நாட்டுப் பேரறிஞர் நான்சென் அதற்கு வழி கண்டார். 1922-இல் அவர் முயற்சியால் பிறந்த அகதிச் சீட்டு நான்சென் சீட்டு எனப் பெயர் பெற்றது. முதலில் இரசிய அகதிகளும் பின்னர் ஆர்மீனியரும் அதனால் வாழ்வு பெற்றனர். ஒரு தாள்தான், ஆனால் "நீயும் மனிதனே" என்று உலகம் எழுதித் தந்த தாள்.

நம் நாட்டிலே நெடுங்காலம் கடவுச்சீட்டு அரசின் விருப்பம். கொடுத்தால் அருள், மறுத்தால் விதி, காரணம் கேட்கலாகாது. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சானி என்பவர் வழக்கிலே உச்சநீதிமன்றம், அயல்நாடு செல்வது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தன்னுரிமையின் பகுதி. சட்டமின்றி அதைப் பறிக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. ஐவருள் மூவர் உடன்பட்டனர், இருவர் மாறுபட்டனர். ஒருவர் மனம் மாறியிருந்தால் இன்றும் நாம் கையேந்தி நின்றிருப்போம்! அத்தீர்ப்பின் விளைவே 1967-ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம். எக்காரணங்களுக்காக மறுக்கலாம் என்பது அதிலே வரையறுக்கப்பட்டது, மறுப்போர் காரணத்தை எழுத வேண்டும், மேல்முறையீடும் உண்டு. அலுவலகத்திலே கைகட்டி நிற்கும் தோழர் இதை நினைவிற் கொள்க: நீர் கேட்பது பிச்சையன்று.

மண்டபம்

இவ்வரலாறு முழுவதையும் ஒரே இடத்திலே காண விரும்பினால், இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்துக்குச் செல்ல வேண்டும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே மன்னார்க் காட்டு வழியே நடந்தனர். காலராவும் காய்ச்சலும் வழியெல்லாம் பிணம் வீழ்த்தின. பின்னர் இலங்கை அரசு இக்கரையிலேயே, மண்டபத்திலே, காவல் முகாம் அமைத்தது. 1914-இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் அதுவே தலைவாயில். தோட்டத்துக்குச் செல்வோரைச் சில நாள் அங்கே நிறுத்தினர், அம்மை குத்தினர், கொக்கிப் புழுவுக்கு மருந்தளித்தனர், பின்னர்க் கப்பலேற்றினர். நோய் தடுத்த அளவிலே அது நற்செயல். ஆனால், உழைக்கும் உடல் நலமா என்று அத்துணை அக்கறையோடு ஆராய்ந்த அரசு, அவ்வுடலுக்குள் ஓர் உள்ளம் உண்டு, அதற்கு உரிமை உண்டு என்று எண்ணிற்றா?

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964-இல் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்கள் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ள! மக்களை எண்ணிப் பங்கிட்டனர், மூட்டைகளைப் பங்கிடுவது போல. அனுப்பப்பட்டோர் இராமேசுவரத்திலே இறங்கினர். அவர்களை ஏற்றது அதே மண்டபம் முகாம். பாட்டன் உழைக்கப் போகையிலே உடற்சோதனைக்கு நின்ற இடத்திலேயே, பேரன் உரிமையிழந்து திரும்பி வரிசையில் நின்றான். 1983-க்குப் பின் போருக்குத் தப்பிய அகதிகளும் அங்கேயே வந்து சேர்ந்தனர். கல்லும் மண்ணும் பேசுமானால் மண்டபம் பேச வேண்டும்.

இன்று புறப்படுவோர்க்கு

2020-இல் கொரோனா வந்தபோது உலகம் முழுவதும் வாயில்கள் மூடின; ரகூசாவின் பழஞ்சொல் ஒவ்வொரு வீட்டிலும் ஒலித்தது. காவல் அப்போது தேவையாயிற்று. ஆனால் 2021 செப்டம்பரில் நடந்ததையும் மறவாதீர். ஆக்ஸ்போர்டில் பிறந்த தடுப்பு மருந்தையே புனே நகரிலே செய்து நம் மக்களுக்கு இட்டனர். அதை இங்கிலாந்திலே போட்டவர்க்குத் தனிமை இல்லை. இந்தியாவிலே போட்டவர்க்குப் பத்து நாள் தனிமை என்றது பிரிட்டன். மருந்து ஒன்று, சான்றுதான் வேறு! இந்தியாவும் அக்டோபர் 4 முதல் அதே விதியை அங்கிருந்து வருவோர்க்கு விதித்தது. ஒரே வாரத்தில் பிரிட்டன் தன் விதியை மாற்றியது. காவலின் உடையிலே கதவடைப்பு இன்றும் வரும். காரணம் கேட்டால் நில்லாது.

ஆதலின் அயல்நாடு புறப்படும் இளைஞர்க்குச் சில சொல்வோம். கடவுச்சீட்டு, திரும்பும் நாளுக்கு அப்பாலும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் எனப் பல நாடுகள் கேட்கின்றன, முன்னரே பார்த்துக்கொள்க. ஆப்பிரிக்காவுக்கோ தென்னமெரிக்காவுக்கோ செல்வோர், பத்து நாளுக்குக் குறையாமல் முன்னதாகவே மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுக. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற அரசு ஏற்ற இடங்களிலே மட்டும் போடுக. பணம் கொடுத்து வாங்கிய பொய்ச் சான்று உம்மையும் காக்காது, ஊரையும் காக்காது. நாள்தோறும் உண்ணும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்க. இங்கே எளிதாய்க் கிடைக்கும் சில வலி மாத்திரைகள் வளைகுடா நாடுகளிலே தடை செய்யப்பட்டவை. அம்மா அன்போடு கட்டித் தரும் மசாலைப் பொட்டலத்திலே கசகசா இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துச் செல்க, அபின் செடியின் விதை என்பதால் ஐக்கிய அரபு நாடுகளிலே அதற்குத் தடை, சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு.

யாவற்றினும் முதன்மையானது ஒன்று. வேலைக்குச் செல்வோர் வேலைக்குரிய விசாவிலேயே செல்க. "சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லும் தரகன் உம் தோழன் அல்லன். 2022 முதல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற தமிழ் இளைஞர் பலர், மியான்மரிலே முள்வேலிக்குள் அடைபட்டு, இணைய மோசடி செய்யுமாறு அடித்து வதைக்கப்பட்டதைக் கண்டோம். தரகர் அரசிடம் பதிவு பெற்றவரா, ஒப்பந்தம் நீர் படித்தறியும் மொழியில் உள்ளதா, சம்பளம் எழுத்திலே உள்ளதா என்று கேளும். பத்தாம் வகுப்புத் தேறாதார் வளைகுடா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் அரசின் குடிபெயர்ச்சி ஒப்புதல் பெற வேண்டும் என்ற விதியைத் தொல்லையென எண்ணித் தாண்டுவோர், தம்மைக் காக்க எழுந்த ஒரே வேலியைத் தாமே தாண்டுகின்றனர். கடவுச்சீட்டின் படி ஒன்று வீட்டிலே இருக்கட்டும். இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் மனத்திலே இருக்கட்டும்.

உயிர் காக்கும் விதிக்கு நாம் தலைவணங்குவோம். எவர் பொருட்டும் அதை வளைக்கவிடோம். ஊசிக்குக் கை நீட்டுவோம். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்போம். ஆனால் நிறத்தைக் கேட்கும் விதி, பிறப்பைக் கேட்கும் விதி, பணப்பையைக் கேட்கும் விதி – அது எந்நாட்டு வாயிலிலே நின்றாலும், நம் வீட்டு வாயிலிலேயே நின்றாலும் – "ஏன்?" என்று கேட்போம். நோய்க்குக் கதவை மூடுக; மனிதனுக்குத் திறந்து வைக்க!